ரிமெம்பர் என்ற சொல்லுக்கு என்ன குடி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவன் என்று சொல்வதும் ஒரு பெருமைக்குத்தான். ஒரு மாரியில் எங்கள் கூரை போனது, அதே மாரியில் அப்பா போனார், பிறகு பள்ளிக்கூடமும் போனது. ஆனால் ஓர் இங்கிலீசுச் சொல்லைப் பற்றி, அது எங்கே பிறந்தது, எந்தெந்த வேலைக்குப் போகும், அதன் சொந்தக்காரர் யார் யார் என்று என்னைவிட விபரமாகச் சொல்லக்கூடியவர்கள் மட்டக்களப்பில் குறைவு. படித்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தச் சொல் ரிமெம்பர்.

எங்கள் பக்கத்தில் புதிதாக ஓர் ஆளைக் கண்டால் முதலில் ஊரைக் கேட்போம், அடுத்ததாகக் குடியைக் கேட்போம். குடி என்றால் தாய்வழி. தாய் யார், தாயைப் பெற்றவள் யார் என்று தெரிந்தால்தான் வந்தவனை அண்ணன் என்பதா மச்சான் என்பதா என்று முடிவெடுக்கலாம். மனிதரிடம் கேட்கும் அந்தக் கேள்வியை நான் ஒரு சொல்லிடமும் கேட்டேன். கேட்க வைத்தது ஆமி, அரசாங்கத்தின் ராணுவம்.

எங்கள் வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. சண்டை நடந்த காலத்தில் எழுவான்கரை ஆமியிடம் இருந்தது, படுவான்கரை ஆயுதம் எடுத்த பொடியன்களின் இயக்கத்திடம் இருந்தது. நடுவில் தண்ணீர். தண்ணீரின் மேல் என் தோணி.

அந்தத் தோணியை யாரும் எனக்குத் தூக்கித் தரவில்லை. பிறத்தியாருடைய தோணியில் ஊறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுபவனாகத் தொடங்கினேன். பிறகு கம்பு ஊன்றினேன். பிறகு சொந்தத் தோணி, அதன் பிறகு எஞ்சின் பூட்டிய தோணி. எங்கள் துறையில் முதன்முதலாக ஓடு போட்ட கல்வீடு யாருடையது என்று இன்றைக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

ஆனால் தோணியோ வீடோ என் சொத்து அல்ல. என் சொத்து என் தலை.

அந்தக் காலத்தில் கரைக்குக் கரை கடிதம் கொண்டுபோவது வினையை விலைக்கு வாங்குவது போல. இந்தக் கரையில் ஆமி பிரித்து வாசிப்பான். அந்தக் கரையில் பொடியன்கள் பிரித்து வாசிப்பார்கள். பசு கன்று போட்டது என்று எழுதியிருந்தால் எது பசு, எது கன்று என்று இரண்டு பக்கமும் விசாரணை நடக்கும். அதனால் சனம் எழுதுவதையே விட்டுவிட்டது. சேதி இருந்தால் என்னிடம் வாயால் சொல்லிவிடும். நான் அக்கரையில் அதை வாயால் ஒப்புவிப்பேன். வட்டைக்குள் யானை இறங்கிவிட்டது, உடனே வந்து வயலைப் பார். மகளுக்குப் பிள்ளை கிடைத்துவிட்டது, தாயும் பிள்ளையும் சுகம். இப்படி ஒரு தோணிச் சனத்துக்கு ஒரு தோணிச் சேதி.

எப்படி மறக்காமல் வைத்திருக்கிறாய் என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த வழியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தது. யார் எந்தப் பலகையில் இருந்து சேதி சொன்னாரோ, சேதியை அந்தப் பலகையிலேயே வைத்துவிடுவேன். கரையில் இறங்கிய பிறகு கண்ணை மூடி, முன்பக்கம் அணியத்திலிருந்து பின்பக்கம் எஞ்சின் வரைக்கும் மனதுக்குள் ஒரு நடை நடந்தால் போதும். ஒவ்வொரு பலகையிலும் ஆள் இருப்பார், அவர் முகம் இருக்கும், அவர் சொன்னது இருக்கும், சொல்லும்போது இருமினாரா என்பதும் இருக்கும்.

இதைப் பற்றித் துறையடித் தேத்தண்ணிக் கடையில் நான் அடிக்கடி பேசுவேன். கடைக்காரர் காத்தான்குடிக் காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். ஒருநாள் அவர் என்னைச் சோதித்தார். போன பெருநாளுக்கு முதல் நாள் என் தோணியில் வந்த அவருடைய மச்சான் என்ன சேதி சொல்லிவிட்டார் என்று கேட்டார். நான் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, மச்சான் சொன்னதை மட்டுமல்ல, மச்சானுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதையும் வரிசையாகச் சொன்னேன்.

“இந்த மண்டைய அறுத்து வித்தா நல்ல விலைக்குப் போகும்கா,” என்றார் காக்கா. கடை முழுக்கச் சிரித்தது. சிகரெட் வாங்க வந்து நின்ற இரண்டு சிப்பாய்களில் ஒருவனும் சிரித்தான். அவனுக்குத் தமிழ் தெரியும் என்பதை நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கவனிக்கிறவன் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் துறையடிச் சென்றிக்கு, ஆமியின் காவலரணுக்கு, என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். சத்தம் போடாத ஆள், அது இன்னும் பயம். அவர் பேசப் பேச, அந்தத் தமிழ் தெரிந்த சிப்பாய் எனக்குச் சொன்னான். ஒரேயொரு சொல்லுக்கு மட்டும் அவனுக்குத் தமிழ் வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டான்.

“ஐயா சொல்றது, நீ எல்லா ஆள் முகமும் ரிமெம்பர். அங்கால கரையில ஆர் ஆரோட நிக்கிறது, நீ பாத்தது. அந்தா, ஒரு அறை கட்டுறது. முடிஞ்ச பிறகு நீ உள்ள இருக்கிறது. ஆள் வாறது பாக்கிறது. தலை ஆட்டுறது. வேற வேல இல்ல.”

எங்கள் ஊரில் அந்த வேலைக்குத் தலையாட்டி என்று பெயர். சாக்குக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பான், சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை இருக்கும். சனம் ஒவ்வொருவராக அதற்கு முன்னால் நடக்க வேண்டும். சாக்கு ஆடினால் அந்த ஆள் அன்றைக்கு வீட்டுக்குப் போகமாட்டான். அதற்குப் பிறகும் போகமாட்டான்.

என் வாழ்நாளில் முதல் தடவையாக என்னை நானே குறைத்துப் பேசினேன். நான் ஒரு புளுகன், கடையில் பேசியதெல்லாம் தேத்தண்ணிக்காகப் பேசியது, எனக்கு நேற்றுத் தின்ற கறியே ஞாபகமில்லை என்று சொன்னேன். அதிகாரி விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு, “ரிமெம்பர்,” என்றார். பிறகு கையால் வெளியே காட்டினார். பனங்குற்றிகளை நட்டு மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

அன்றைக்கு மத்தியானத் தோணியில் பறங்கிக்கார மாஸ்டர் ஏறினார். தன்னாமுனைப் பக்கம் குடியிருந்தவர், இங்கிலீசு படிப்பித்து ஓய்வுபெற்றவர். படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சும்மா பாடம் சொல்லிக்கொடுக்க வாரத்துக்கு ஒருக்கால் வருவார். ஆமி சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லை மட்டும் கேட்டேன்.

“மாஸ்டர், ரிமெம்பர் எண்டு ஒரு சொல் இரிக்காம். அதுக்கு என்ன குடி?”

மனிதர் சிரித்த சிரிப்பில் தோணி ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறுதலாக, அவசரமில்லாமல் சொல்லத் தொடங்கினார். அவர் இருந்தது பின்பக்கத்திலிருந்து இரண்டாவது பலகை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

அந்தச் சொல்லை இங்கிலீசுக்காரன் பெறவில்லையாம். பிரெஞ்சுக்காரனிடம் எடுத்து வளர்த்திருக்கிறான். பிரெஞ்சுக்காரன் அதை லத்தீனிடம் எடுத்தானாம். லத்தீன் என்றால் முந்திக் கோயிலில் பாதிரியார் பூசை சொன்ன பாஷை. சொல்லுக்கு இரண்டு துண்டு. முன்துண்டுக்கு மறுபடியும் என்று பொருள், பின்துண்டுக்குக் கருத்தில் வைத்திருப்பது என்று பொருள். மறுபடியும் கருத்துக்குக் கொண்டுவருவது. அதுவரைக்கும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

வேலையும் பல வேலை செய்யுமாம். மறக்காமல் இருப்பது ஒன்று. சாகப்போகிறவர் ஒருவருக்கு ஏதாவது எழுதிவைத்தால், அவரை ரிமெம்பர் பண்ணினார் என்பார்களாம். கும்பிடும்போது ஒருவருக்காகவும் சேர்த்துக் கும்பிட்டால் அதுவும் அதுதான். பிறகு, தூரத்தில் இருக்கிறவருக்குச் சுகம் சொல்லிவிடுவதற்கும் இங்கிலீசுக்காரன் அந்தச் சொல்லைத்தான் எடுப்பானாம். உன் பெண்சாதிக்கு என்னை ரிமெம்பர் பண்ணு என்றால், நான் சுகம் கேட்டதாகச் சொல் என்று அர்த்தம்.

“அப்ப நான் விடிஞ்சாப் பொழுதுபட்டா ஏத்தி இறக்கிறது ரிமெம்பரத்தான், என்ன மாஸ்டர்?” என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமிதம் வந்தது.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் குடி கேட்டேன் அல்லவா, தாய்க்குத் தாய் தேடிக்கொண்டு மேலே போனார். லத்தீனுக்கும் முந்திய காலத்தில் ஒரு மூலத்தாய்ச் சொல் இருந்ததாம். அந்தத் தாய்க்கு வடக்கே ஒரு மகள், அவள்தான் சமஸ்கிருதத்தில் ஸ்மரணை. கிரேக்க பாஷையில் ஒரு மகள், அவளுக்குக் கவலை என்று அர்த்தம். இங்கிலீசிலேயே இன்னொருத்தி இருக்கிறாள், செத்தவருக்காகத் துக்கப்படுவது என்று அவளுக்கு அர்த்தம். அவளும் அதே வயிறுதான் என்று சிலர் சொல்கிறார்கள், சாட்சி போதாது என்று வேறு சிலர் சொல்கிறார்கள் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தலையை என் புயத்தைப் போல, என் ஓட்டு வீட்டைப் போல ஒரு பலம் என்று நினைத்துத்தானே இவ்வளவு காலமும் நடந்தேன். அதற்குப் போய் அழுகிறவர்களையும் கவலைப்படுகிறவர்களையும் சகோதரிகளாகச் சொன்னால் எப்படி இருக்கும்?

“பிழையாச் சொல்றீங்க மாஸ்டர்,” என்றேன். “ஞாபகம் எண்டது கெட்டித்தனம். அதுக்குள்ள என்ன அழுகை?”

“பிழையெண்டா நான் என்னகா செய்ய? அதுக்கு அம்மாவையும் ஆச்சியையும் நானா தேடிக் குடுத்தன்?” என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வாதாட எனக்கு நேரமும் இல்லை. மண்மூட்டை இடுப்பளவுக்கு வந்துவிட்டது. அறை முடிவதற்குள் நான் மறதிக்காரன் என்று இரண்டு கரையும் சொல்ல வேண்டும், சிப்பாயின் காதில் விழ வேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. அதனால் சேதிகளைப் பிழையாக ஒப்புவிக்கத் தொடங்கினேன்.

பாரமான சேதி எதையும் நான் கெடுக்கவில்லை. சின்னச் சின்னச் சேதிகளைத்தான் மாற்றினேன். எண்ணெய்ப் போத்தல் கேட்டவருக்குச் சேவல் போய்ச் சேர்ந்தது. அவர் சேவலை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு துறையடியில் முழித்துக்கொண்டு நின்றார். ஒரு கிழவி, மருமகளின் சுகம் கேட்டதாகச் சொல் என்று சொல்லிவிட்டிருந்தாள். அடுத்த முறை என்னைக் கண்டதும் தோணிக்குள் கால் வைக்கமுதலே பிடித்துக்கொண்டாள்.

“என்னகா தம்பி, நான் மருமகளச் சுகம் கேட்டனெண்டு சொல்லச் சொன்னா, வரச் சொன்னனெண்டு சொல்லியிரிக்காய். அவள் புள்ளகுட்டியெல்லாம் கூட்டிக்கிட்டு வந்து நிக்காள். மறுகா போகமாட்டாளாம்.”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் வாயைத் திறந்துகொண்டு, அப்படியா சொன்னேன் என்று தலையைச் சொறிந்தேன். சொறிந்த கை என்னுடைய கைதானா என்று இருந்தது. கடைக் காக்கா என் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, “மண்ட காஞ்சு போச்சு. இனிச் சும்மா தந்தாலும் ஆரும் எடுக்கமாட்டாங்க,” என்றார். சனம் மெல்ல மெல்ல மற்றத் தோணிக்காரனிடம் சேதி சொல்லத் தொடங்கியது. அவன் இரண்டு சேதிக்கு மேல் தாங்கமாட்டான். அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

மனைவிக்கும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் எனக்கு உண்மையிலேயே மூளை கலங்குகிறது என்று நம்பிவிட்டாள். காலையில் சேர்ட்டைக் கையில் தருவாள், சாவியை அரைஞாணில் கட்டிவிடுவாள். “இது வெத்திலப் பை, இது தீப்பெட்டி, இது உங்கட கை,” என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு வாசல் வரைக்கும் வந்து நிற்பாள்.

அறை முடிந்தது. கூரைக்குப் பனையோலை போட்டார்கள், வாசலில் சாக்குத் தொங்கியது. அன்று முற்பகல் என்னைக் கூப்பிட்டார்கள்.

போனபோது முற்றத்து வெயிலில் ஒருவன் முழங்காலில் நின்றான், கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். படுவான்கரைத் தயிர்க்காரப் பொடியன். பக்கத்தில் அவனுடைய தயிர் முட்டிகள் உடைந்து கிடந்தன, ஈ மொய்த்தது. சென்றிக்குப் புதிதாக வந்திருந்த சிப்பாய்கள் அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். அவன் குடிசை செல் குண்டு விழுந்து எரிந்தபோது அட்டையும் எரிந்துவிட்டது. பழைய சிப்பாய்களுக்கு அது தெரியும், விட்டுவிடுவார்கள். புதியவர்களுக்குத் தெரியாது.

அதிகாரி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். சிப்பாய் சொன்னான்.

“ஐயா கேக்குது, நீ எல்லாம் மறந்த ஆள் எண்டு எல்லாரும் சொல்றது. சரி. இவன்? இவன் ரிமெம்பரா, இல்லையா?”

எனக்கு அவனைப் பற்றித் தெரியாதது எது? அணியத்துப் பலகையில் இருப்பான். யாரோடும் அதிகம் பேசமாட்டான், முட்டிகளைக் காலுக்கு நடுவில் அணைத்துக்கொண்டிருப்பான். இடது காலில் அரிவாள் வெட்டிய தழும்பு. பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சி. எல்லாம் அந்தப் பலகையில் இருந்தது, கையை நீட்டினால் எடுக்கலாம்.

என் தோணியில் தினம் வருகிற ஆள், எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னால் அவன் பிழைப்பான். ஆனால் முகங்களை ஞாபகம் வைக்கிறவன் நான் என்பது அந்த இடத்திலேயே வெளிச்சமாகிவிடும், பிறகு சாக்குக்குப் பின்னால் நான் இருக்க ஒரு கதிரை போடுவார்கள். தெரியாது என்று சொன்னால் நான் பிழைப்பேன். அட்டை இல்லாத, யாருக்கும் தெரியாத ஒருவனைப் பின்னேரம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படி ஏற்றிப்போன யாரும் எங்கள் துறைக்குத் திரும்பி வந்ததில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. மண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ.

“மச்சான்,” என்றேன். என் வாய்தான் அதைச் சொன்னது, எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

“மச்சான் எண்டா? பெண்சாதிட தம்பியா?”

“ஓம். பெண்சாதிட தம்பி.”

மறதிக்காரனுக்கு மச்சான் மட்டும் எப்படி ரிமெம்பர் என்று அதிகாரி கேட்டார். “மச்சான ஞாபகம் வைக்கத் தேவையில்ல ஐயா. அவன் வந்து வந்து தின்னுவான்,” என்றேன். சிப்பாய் அதைச் சொன்னதும் மற்றச் சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு சிப்பாயைச் சைக்கிளில் என் வீட்டுக்கு அனுப்பினார். பெண்சாதியைக் கூட்டிவா, தம்பி இங்கே பிடிபட்டிருக்கிறான் என்று மட்டும் சொல், வேறு எதுவும் சொல்லாதே என்று உத்தரவு.

சைக்கிள் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. சொல்லும்போது எனக்கு முறைதான் நினைவு, ஆள் நினைவில்லை. என் பெண்சாதிக்கு உண்மையிலேயே ஒரு தம்பி இருந்தான்.

சில வருசங்களுக்கு முன்னர், சைக்கிள் ரியூப் வாங்கப் பஸ் ஏறி டவுனுக்குப் போனவன். பின்னேரம் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். பஸ் வந்தது, அவன் வரவில்லை. அவள் முதல் வருசம் எல்லா முகாம் வாசலிலும் போய் நின்றாள். பிறகு நிறுத்திவிட்டாள். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல் அவள் பேசி நான் கேட்டதில்லை. சமைத்தாள், சிரித்தாள், கோயிலுக்குப் போனாள். ஆறிவிட்டாள் என்று நினைத்து, நானும் அவனை எந்தப் பலகையிலும் வைத்திருக்கவில்லை. இப்போது அவள் வாசலில் ஆமிக்காரன் ஒருவன் இறங்கி, உன் தம்பி எங்களிடம் இருக்கிறான், வா என்று சொல்லப்போகிறான்.

சிப்பாய் என் கையைப் பிடித்து நிறுத்தாவிட்டால் நான் அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் ஓடியிருப்பேன்.

அவள் சைக்கிளுக்கு முன்னால் ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை. பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், முழங்கை வரை வெள்ளை. சென்றி வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று உள்ளே பார்த்தாள். முழங்காலில் நின்றவன் நிமிர்ந்தான். அவள் கண் அவன் முகத்தில் பட்டது. பிறகு அவனைத் தாண்டிப் பின்னால் போனது. அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுவரடி, மரத்தடி, அறைக்கு அந்தப் பக்கம் எல்லாம் தேடியது. வேறு யாரும் இல்லை. திரும்ப அவனிடம் வந்தது, பிறகு என்னிடம் வந்தது.

நான் எத்தனையோ செத்த வீடு பார்த்தவன். ஒரு முகம் நின்றபடியே சாவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னால் கண்ணால்கூட எதுவும் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாம் முடிந்தது, இவன் யார் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் நடந்து போய் அவனுக்கு முன்னால் நின்றாள்.

“எங்கடா போய்க் கிடந்தாய்?” என்றாள். சத்தம் போடவில்லை. வீட்டில் பேசுகிற குரல். “பின்னேரம் வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். எத்தின பின்னேரம் போச்சிது? உனக்கெண்டு மூடி வைச்ச சோத்த எத்தின நாள் நான் விடியக் கொட்டியிரிப்பன்? அம்மா சாகக்குள்ளயும் உன்னத்தான் கேட்டா. வாறான் வாறான் எண்டு சொன்னன். செத்துப்போற மனிசிக்கு முன்னால என்னப் பொய்க்காரி ஆக்கிப்போட்டாயே.”

மாவுக் கையை அவன் தலைமயிருக்குள் விட்டு ஓர் ஆட்டு ஆட்டினாள்.

“மெலிஞ்சு போனாய். தின்னயா? சோறு தின்னயா எண்டு கேக்கன்.”

அவன் வாயைத் திறந்தான், பேச்சு வரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். தலையில் வெள்ளையாக அவள் விரல் அடையாளம். அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

“இவனுக்கு அடிச்சயளா?”

சிப்பாய் அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. அவள் என்ன கேட்கிறாள் என்று அதிகாரி அவனைக் கேட்டார். அவன் வாவியைப் பார்த்துக்கொண்டு சிங்களத்தில் கொஞ்சநேரம் ஏதோ சொன்னான். அதிகாரி எழுந்து வெளியே வந்து, அவள் கையைப் பார்த்தார், அவன் தலையைப் பார்த்தார். நம்பினாரா, நம்பாமல் விட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என்னிடம் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லி, கையால் அவளைக் காட்டினார்.

“ஐயா சொல்றது,” என்றான் சிப்பாய், “உங்கட வீட்டில ரிமெம்பர் அவங்கதான். நீ இல்ல. நீ போ, தோணிய ஓட்டு.”

கட்டை அவிழ்த்துவிட்டார்கள். என்னையும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அந்த அறை மட்டும் அப்படியே இருந்தது, சாக்கும் தொங்கியது. பின்னால் யாரை இருத்தினார்கள் என்று நான் தேடவில்லை. அதைக் கடக்கும்போதெல்லாம் கண்ணைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கடந்தேன்.

மனைவி யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். நான் தயிர்க்காரனைத் தோணியில் ஏற்றினேன். வேறு ஆள் இல்லை. அவன் வழக்கம்போல அணியத்தில் இருந்தான், அணைக்க முட்டி இல்லாமல் கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தான். நடுவாவி தாண்டிய பிறகு வாயைத் திறந்தான்.

“அண்ணன், ஒரு சேதி.”

“சொல்லு.”

“நான் வெள்ளெனயே சோறு தின்னுட்டுத்தான் வந்தனான். அக்காட்டச் சொல்லுங்க. அவடத்த எனக்கு வாய் வரல்ல.”

கரை வந்ததும் இறங்கிப் போனான்.

பொழுதுபடுகிற நேரம் வீட்டுக்குப் போனேன். காலையில் குழைத்த மாவையே அவித்து வைத்திருந்தாள். தட்டைப் போட்டு எனக்கு முன்னால் வைத்தாள். நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன், ஏன் அப்படிச் சொன்னேன், எதற்காக இத்தனை நாள் மறதிக்காரனாக நடித்தேன் என்று. “விளங்கிட்டு,” என்றாள். அந்தப் பொடியனுடைய பெயர் என்று வாய் எடுத்தேன். “பேர் வேணாம்,” என்றாள்.

அதனால் சேதியைச் சொன்னேன். அந்த நாட்களில் சின்னச் சேதிகளில் நான் பிசகாமல் ஒப்புவித்தது அது ஒன்றுதான். வெள்ளெனயே சோறு தின்றுவிட்டுத்தான் வந்தானாம், அங்கே வாய் வரவில்லையாம், அக்காவிடம் சொல்லச் சொன்னான்.

அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

“என்ன கறியோடயாம்?” என்று கேட்டாள்.

அதை நான் கேட்டிருக்கவில்லை. இத்தனை காலச் சேதிக்காரன், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் வந்து நின்றேன். அவள் பிட்டைப் போட்டாள்.

விடிந்து சென்றி திறந்ததும் ஆள் ஏற்றாமல் வெறுந்தோணியை எடுத்துக்கொண்டு படுவான்கரைக்குப் போனேன். இப்படியும் ஒருவன் கேட்பானா என்று அவன் பெண்சாதி வாசலில் நின்று பார்த்தாள். அவன் யோசித்துச் சொன்னான். பழஞ்சோறு, சுட்ட கருவாடு, ஒரு பச்சை மிளகாய். திரும்பி வந்தேன். அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அப்படியே ஒப்புவித்தேன்.

விளக்குமாறு நின்றது. அவள் முகத்தில் ஒரு கவலை வந்தது, ஒரு தாய்க்கு வருகிற சின்னக் கவலை.

“கருவாடா?” என்றாள். “கருவாடு திண்டா அவனுக்குச் சின்ன வயசிலயிருந்தே சொறி வருமே.”